பெரியவளின் தூக்கம்

திருப்புலிவனத்தில் வேதகிரியின் வீட்டில், சின்னவளுக்குச் சிறுத்துப்போன பாவாடை சட்டைகளைப் பெரியவள் உடுத்தத் தொடங்கி ஒரு வருஷம் ஆகியிருந்தது. பெரியவள் தமிழ்ச்செல்விக்கு எட்டு வயது. சின்னவள் தன்ஷிகாவுக்கு ஆறரை. ரேஷன் கடையிலோ உத்திரமேரூர் பஸ்ஸிலோ யாராவது ஒருவர் தன்ஷிகாவின் தலையைத் தொட்டு, "இவதானே பெரியவ?" என்று கேட்பார்கள். முதலில் எல்லாம் அவர்களின் அம்மா செவ்வந்தி திருத்திச் சொன்னாள். பிறகு சொல்வதை விட்டுவிட்டாள். செல்வியும் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா நிற்பாள். அவளுக்கு வாய் எப்போதும் கொஞ்சம் திறந்தே இருக்கும். கண்ணுக்குக் கீழே தூசி ஒட்டியது போல ஒரு கருப்பு.

செவ்வந்தி சோற்றில் குறை வைத்தவள் இல்லை. வாரத்தில் மூன்று நாள் கேழ்வரகு, தினம் ஒரு முட்டை, மாலையில் வேர்க்கடலை உருண்டை. நடவு வேலைக்கும் களையெடுக்கவும் போய்விட்டு வந்து, கை கால் கழுவியதும் முதலில் பெரியவளுக்குத்தான் தட்டு வைப்பாள். அப்படியும் வேதகிரியின் அக்கா எல்லம்மாள், அடுத்த தெருவில் இருந்து வரும்போதெல்லாம் செல்வியின் முழங்கையைப் பிடித்துப் பார்ப்பாள்.

"இன்னாடி இது, முருங்கக்கா மாதிரி கீது. புள்ளைக்கு நீ சோறு போடறியா, கணக்கு காட்டறியா?"

"உன் கண்ணு முன்னால போடட்டா அண்ணி? ஒரு நாளு ஒக்காந்து பாரேன்."

"நான் எதுக்கு பாக்கறேன்? ஊரே பாக்குது."

வேதகிரி ஒரகடம் பக்கம் கார் உதிரிப் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் பிரஸ் மிஷின் ஓட்டினான். ஒரு வாரம் காலை ஷிப்டு, ஒரு வாரம் மத்தியானம், ஒரு வாரம் ராத்திரி. ராத்திரி ஷிப்டு வாரத்தில் அவன் பகலில் உள்ளறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுப்பான். பிள்ளைகள் குசுகுசுவென்று பேசும். பாத்திரத்தைக் கீழே போட்டால் செவ்வந்தியே தன் வாயைப் பொத்திக்கொள்வாள். மற்ற வாரங்களில் படுத்ததும் கட்டையாகிவிடுவான். ஆகவே தன் மூத்த மகள் எப்படித் தூங்குகிறாள் என்பது அவனுக்குத் தெரியாது.

செவ்வந்திக்குத் தெரியும். ஆனால் தெரிந்தது என்னவென்று தெரியாது. செல்வி தலையணையை விட்டுக் கழுத்தைப் பின்னால் தொங்கப் போட்டுக்கொண்டு தூங்குவாள். சில நாள் எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவாள். தை மாதப் பனியிலும் அவள் தலையணை வியர்வையில் நனைந்திருக்கும். பாயும் நனைந்திருக்கும். குறட்டை, பெரிய ஆள் விடுவது போல. பிறந்ததிலிருந்து சளிப் பிடித்த பிள்ளை என்று அவள் அதை வைத்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் மூன்றாவது பாடவேளைக்குள் செல்வி பெஞ்சில் சாய்ந்துவிடுகிறாள் என்று டீச்சர் சொல்லி அனுப்பியபோது செவ்வந்தி மகளைத் திட்டினாள்.

"ராவெல்லாம் தூங்கிட்டு பள்ளிக்கூடத்துலயும் தூங்கறியா? உனக்கு எத்தினி தூக்கம்டி வரும்?"

"எனக்குத் தூக்கம் வர்லம்மா. கண்ணுதான் மூடிக்குது" என்றாள் செல்வி.

வேதகிரிக்கு உயரம் என்பது வேறு விஷயம். இருபத்தொரு வயதில் போலீஸ் தேர்வுக்குப் போனான். ஓட்டத்தில் அவன் குழுவில் இரண்டாவதாக வந்தான். கயிறும் ஏறினான். உயரம் பார்க்கும் கம்பத்தின் கீழே நிற்க வைத்து, தலையில் பலகையை இறக்கிய ஆள், "ஒண்ணே கால் கம்மி, அடுத்தது" என்றான். ஒன்றே கால் சென்டிமீட்டர். ஓடியதும் ஏறியதும் அதோடு முடிந்தது. அந்த ஆள் தன் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை என்பதை வேதகிரி பத்து வருஷம் கழித்தும் கம்பெனி பஸ்ஸில் சொல்வான்.

அதனால் மகளின் உயரத்துக்கு அவனே வைத்தியம் பார்த்தான். கம்பெனியில் ஒருவன் போனில் காட்டிய வீடியோவில், விடியற்காலை ஓட்டமும் கம்பியில் தொங்குவதும் எலும்பை நீட்டும் என்று சொல்லியிருந்தார்கள். தன் நிலத்து மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் இரண்டு பூவரச மரங்களுக்கு நடுவில் ஓர் இரும்புப் பைப்பைக் கட்டினான். மத்தியான ஷிப்டு வாரத்தில் பதினொன்றரைக்கு வீடு வந்து படுப்பவன், ஐந்து மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, செல்வியைத் தோளைப் பிடித்துத் தூக்கி உட்கார வைத்தான். அவள் கண் திறக்காமலேயே எழுந்து செருப்பைத் தேடுவாள். ஏரிக்கரையில் மதகு வரைக்கும் போய் வர இரண்டு சுற்று. பிறகு கம்பியில் நூறு எண்ணும் வரை. அவள் நாற்பதில் விழுந்தால் மறுபடி தூக்கித் தொங்கவிடுவான். அடித்தது இல்லை. "இன்னும் கொஞ்சம் கண்ணு. உனக்கு ஒசரம் வாணாமா?" என்பான். அவள் வேண்டும் என்பாள்.

*

ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது கொடுத்த சீருடை செல்விக்குத் தொளதொளவென்று இருந்தது. பிடித்துத் தைக்க செவ்வந்தி அவளை உத்திரமேரூருக்குக் கூட்டிப் போனாள். கடைத்தெருவில் இருந்து பிரியும் சந்தில் அஹமது பாட்சாவின் ஜவுளிக்கடை. அதன் பக்கத்து அறையில் அவர் மனைவி ரோஷன் பீவி தையல் மிஷின் வைத்திருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். சுற்றுப்பட்டுக் கிராமத்துப் பெண்கள் எல்லோருக்கும் அவர் பாயம்மா.

அக்னி நட்சத்திரம் முடிந்தும் வெயில் இறங்கவில்லை. ஃபேன் சூட்டைத்தான் சுழற்றிக்கொண்டிருந்தது. ரோஷன் பீவி செல்வியின் தோளில் டேப்பை வைத்தார். கையில் வைத்தார். இடுப்பிலிருந்து கீழே விட்டார். பிறகு மிஷின் டிராயரிலிருந்து பழைய அளவு நோட்டு ஒன்றை எடுத்து எச்சில் தொட்டுப் புரட்டினார்.

"செவ்வந்தி, ரெண்டு வருஷம் முன்ன தீபாவளிக்கு இந்தப் பொண்ணுக்கு நான்தானே சட்ட தச்சேன்?"

"ஆமா பாயம்மா. பச்ச சட்ட."

"தோளு ஒம்பதரை எய்திக்கீறேன். இப்பவும் ஒம்பதரை. கையும் அதேதான். ஒசரத்துல ஒரு இஞ்சிதான் ஏறிக்கீது." இன்னொரு பக்கத்தைத் திருப்பினார். "சின்னவள பாரு. வருஷத்துக்கு ரெண்டு ரெண்டரைன்னு போய்க்கினே கீது."

"நல்லாத்தான் துன்றா பாயம்மா. எங்க நாத்தனார் நான் சோறு போடலன்றாங்க."

"நான் உன்ன ஒண்ணும் கேக்கல. நோட்டுல கீறத சொல்றேன்."

பேசிக்கொண்டிருக்கும்போதே செல்வி துணிக் கட்டின் மேல் உட்கார்ந்து சுவரில் தலையைச் சாய்த்திருந்தாள். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. குறட்டை கேட்டது. ரோஷன் பீவி மிஷினிலிருந்து காலை எடுத்தார். குறட்டை நின்றது. அறையில் ஃபேன் சத்தம் மட்டும். பிறகு தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்கியவளைப் போலச் செல்வி ஒரு மூச்சை இழுத்தாள். உடம்பு தூக்கிப்போட்டது. மறுபடி குறட்டை.

"எப்பவும் இப்டித்தான் தூங்குதா?"

"சளி பாயம்மா. பொறந்ததுலேர்ந்து."

"இது சளி இல்ல புள்ள. எங்க உபைதுல்லா சின்னதுல இதே சத்தம் போடுவான். மூக்குக்குப் பின்னால சத வளந்துக்கினு, தொண்டைல ரெண்டு பக்கமும் நெல்லிக்கா கணக்கா வீங்கிக்கினு கெடந்துது. தூங்கசொல்ல மூச்சே போவாது. எங்க வூட்டுக்காரரு தாயத்து கட்டிக்கினு வந்தாரு. நான்தான் அய்து காஞ்சிபுரம் இட்டுக்கினு போனேன். ஆபரேசன் பண்ணி எடுத்தாங்க. அதுக்கப்புறம்தான் அவனுக்கு ஒடம்பே புடிச்சுது."

"அந்த உபைதுல்லாவா?"

"அவன்தான். இப்ப கடை ஷட்டர்ல குனிஞ்சிதான் உள்ள வரான்."

செவ்வந்தி தூங்கும் மகளைப் பார்த்தாள். இந்தச் சத்தத்தை எட்டு வருஷமாகத் தினமும் கேட்டிருக்கிறாள். பகல் வெளிச்சத்தில், இன்னொருத்தி காது கொடுத்துக் கேட்கும்போது கேட்டது அதுவே முதல் தடவை.

*

அன்று வேதகிரிக்குக் காலை ஷிப்டு. நான்கு மணிக்கு வந்தவனுக்கு அவள் சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"பாயம்மா ஒண்ணு சொல்லிச்சு."

முழுதும் கேட்டான். கேட்டுக்கொண்டே சாப்பிட்டான்.

"தையக்காரம்மா எப்ப டாக்டரு ஆச்சு?"

"அது பெத்த புள்ளைக்கு நடந்தத சொல்லிச்சுயா."

"கொறட்ட வுடறவன்லாம் குள்ளமாவா கீறான்? எங்க சூப்பர்வைசரு ஆறடி. பஸ்ஸுல அவன் வுடற கொறட்டைல டிரைவரு பாட்ட சவுண்டா வெக்கறான்."

"பெரியவங்க வேறயா. வளர்ற புள்ளைக்கு..."

"நம்ம ஒடம்பு வாகு அது. எங்க நைனா ஒசரம் இல்ல. நானும் இல்ல. அதுக்குத்தான் இப்பவே எக்சசைஸ் குடுக்கணும்ன்றேன். நீ கயுத்துல கத்தி வெக்கணும்ன்ற."

"நான் எப்ப கத்தின்னேன்? ஒரு தபா காட்டிட்டு வரலாம்னேன்."

"லீவு இல்ல. இந்த மாசம் ரெண்டு நாளு ஏற்கெனவே போட்டாச்சு."

"ஒரு ராத்திரி முய்ச்சிக்கினு அவள பாரு. அது போதும்."

"ராத்திரி முய்ச்சிக்கறதுதான் எனக்கு வேலையே. வூட்லயும் முய்ச்சிக்க சொல்றியா?" அவன் தட்டில் கை கழுவினான். செவ்வந்தி தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

*

அடுத்த வாரம் மத்தியான ஷிப்டு. புதன்கிழமை காலை ஐந்து மணிக்கு வழக்கம்போல் செல்வியைக் கூட்டிக்கொண்டு போனான். ஆனி மாதத்து ஏரியில் நடுப் பள்ளத்தில் மட்டும் தண்ணீர். மீதியெல்லாம் வெடித்த சேறும் அதன்மேல் பச்சைப் புல்லும். கிழக்கே கொஞ்சம் வெளுத்திருந்தது. அவன் மோட்டார் போட்டுவிட்டு, நாற்றங்காலுக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தான். செல்வி முதல் சுற்று முடித்து அவனைக் கடந்து இரண்டாவது சுற்றுக்குப் போனாள். அவன் மடையை அடைத்துவிட்டு நிமிர்ந்தபோது கரையில் யாரும் இல்லை.

பெயர் சொல்லிக் கூப்பிட்டான். பதில் வரவில்லை. மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கரைமேல் ஓடினான். மதகுக்கு இந்தப் பக்கம், பனை ஓரம், கரைச் சரிவில் செல்வி கிடந்தாள். பாம்பு என்று நினைத்தான். கிட்டே போனதும் குறட்டை கேட்டது. ஒரு கால் செருப்பு கழன்று கீழே உருண்டிருந்தது. இன்னும் இரண்டு முழம் சரிந்திருந்தால் மதகுக் குழி.

அவனுக்கு முதலில் வந்தது கோபம்தான். ஓடச் சொன்னால் படுத்துத் தூங்குகிறாள். தோளை உலுக்கக் கையை நீட்டினான். அப்போது குறட்டை நின்றது.

அவன் கை அப்படியே நின்றது. செல்வியின் வாய் திறந்திருந்தது. நெஞ்சு மேலே எழ முயன்றது; எழவில்லை. கழுத்துக் குழி உள்ளே போனது. விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே இழுத்துக்கொண்டது. காற்று மட்டும் போகவில்லை. பிரஸ் மிஷினில் பதினெட்டு செகண்டுக்கு ஒரு பீஸ் எடுக்கிறவன் அவன். எண்ணிக்கை அவனைக் கேட்காமலேயே உள்ளே ஓடும். எட்டு, ஒன்பது, பத்து. உதடு நிறம் மாறுவது போல இருந்தது. பன்னிரண்டு. பதிமூன்று. பதினான்கில் அவள் காலை உதைத்துக்கொண்டு, தலையைப் பின்னால் எறிந்து, கேவுவது போல மூச்சை இழுத்தாள். கண் அரைவாசி திறந்தது. அவனைப் பார்க்கவில்லை. மறுபடி மூடிக்கொண்டது. கொஞ்ச நேரம் சரியாக மூச்சு வந்தது. பிறகு மறுபடி நின்றது.

அவன் அவளைத் தூக்கிக் கரையின் சமதளத்தில் கிடத்திப் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் எழவில்லை. பால் கேனோடு சைக்கிளில் வந்த வரதன் காலை ஊன்றி நின்றான்.

"இன்னா வேதகிரி, புள்ளைக்கு இன்னா?"

"ஒண்ணும் இல்லண்ணா. தூங்குது."

"ஏரிக்கரைலயா?"

வேதகிரி கையை உயர்த்தி அவனைச் சத்தம் போடாமல் இருக்கச் சொன்னான். இன்னொரு முறை எண்ணிக்கொண்டிருந்தான். இந்த முறை பதினாறு. வரதனும் பார்த்தான். மூச்சு திரும்பி வந்ததும் வரதனே பெருமூச்சு விட்டான்.

"யப்பா. எம்மாம் நாளா இப்படி?"

"தெரியலண்ணா" என்றான் வேதகிரி. "எனக்குத் தெரியல."

சூரியன் பனைக்கு மேல் வரும்வரை ஒன்பது முறை நின்றது. முகத்தில் வெயில் படாமல் துண்டை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தான். ஏழு மணி சுமாருக்குச் செல்வி கண்ணைத் திறந்தாள். அப்பாவைப் பார்த்ததும் அவசரமாக எழுந்து உட்கார்ந்தாள்.

"நைனா, நான் ஓடிக்கினுதான் இருந்தேன். ஒக்காரவே இல்ல."

"செரி."

"இன்னும் ஒரு சுத்து பாக்கி கீது. ஓடவா?"

"வாணாம் கண்ணு."

அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். எட்டு வயதுப் பிள்ளைக்கு உண்டான கனம் இல்லை. வாசலில் சாணி கரைத்துக்கொண்டிருந்த செவ்வந்தி நிமிர்ந்தாள். அவன் கண்ணைப் பார்க்காமல், "நாளைக்கு லீவு போடறேன். காஞ்சிபுரம் போலாம்" என்றான்.

*

எல்லம்மாளும் கூட வந்தாள். வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை.

காது மூக்கு தொண்டை டாக்டருக்கு அரவிந்தன் என்று பெயர். நாற்பது வயதுக்காரர். செல்வியின் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். உயரம் பார்த்தார், நூற்றுப் பதிமூன்று சென்டிமீட்டர். கழுத்தைப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுத்துவரச் சொன்னார். அதை விளக்குப் பெட்டியில் மாட்டி, மூக்குக்குப் பின்னால் காற்றுப் போகும் பாதையைப் பேனா முனையால் காட்டினார். கருப்பாக, அகலமாக இருக்க வேண்டிய பாதை பென்சில் கோடு போல இருந்தது.

"தூக்கத்துல புள்ள எத்தனை தடவை எழுந்துக்குது?"

"எய்ந்துக்கறதே இல்ல சார். எய்ப்பினாத்தான்" என்றாள் செவ்வந்தி.

"எழுந்துக்கிறா. உங்களுக்கும் தெரியல, அவளுக்கும் தெரியல. தலைக்குள்ள பட்டாணி அளவுல ஒரு சுரப்பி இருக்கும்மா. பிள்ளைங்க வளர்றதுக்கான ஹார்மோன் அதுலேர்ந்துதான் வருது. பகல்லயும் கொஞ்சம் வரும். ஆனா பெரும்பகுதி வர்றது ராத்திரி, தூங்கின முதல் சில மணி நேரத்துல, ஆழ்ந்த தூக்கத்துல. இவ அந்த ஆழத்துக்குப் போறதுக்குள்ள மூச்சு அடைச்சுக்குது. மூளை பயந்துபோய் உலுக்கி மேல கொண்டாந்துடுது. மறுபடி இறங்குறா. மறுபடி அடைக்குது. விடிய விடிய இதே வேலை."

"மிஷினு சூடேறதுக்குள்ள ட்ரிப் ஆயிக்கினே கீற மாதிரி" என்றான் வேதகிரி.

"அதேதான். சாப்பிடற சோறும் பாதி, மூச்சு இழுக்கற பாட்டுக்கே செலவாயிடுது."

செவ்வந்தி நாற்காலியின் நுனிக்கு வந்தாள். "அப்ப நான் சோறு போட்டது கொறச்சல் இல்லியே சார்?"

"இல்லம்மா. உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

"கொஞ்சம் சத்தமா சொல்லு சார். எங்க நாத்தனாரு வெளிய ஒக்காந்துகினு கீறாங்க."

டாக்டர் சிரித்துவிட்டார். ஆனால் கதவுப் பக்கம் திரும்பி, சத்தமாகவே சொன்னார். செவ்வந்தி சிரிக்கவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒசரத்துக்கு ஊசி கீதாமே சார்?" வேதகிரி கேட்டான்.

"இருக்கு. அது சுரப்பியே வேலை செய்யாதவங்களுக்கு. இவளுக்குச் சுரப்பி நல்லா இருக்கும்னுதான் நினைக்கிறேன். ரத்தம் எடுத்துப் பாத்துடலாம். முதல்ல மூச்சுக்கு வழி பண்ணுவோம். சதையையும் டான்சிலையும் எடுத்துட்டா நிறையப் பிள்ளைங்க விட்ட வளர்ச்சிய எட்டிப் பிடிச்சுடுவாங்க. எல்லாருக்கும் ஒரே மாதிரி வரும்னு எழுதித் தர முடியாது. நீங்க ரெண்டு பேரும் இருக்கற உயரத்த ஒட்டித்தான் வருவா. ஆறடி ஆயிடமாட்டா."

வேதகிரி தலையாட்டினான். எழுந்தான். மறுபடி உட்கார்ந்தான்.

"சார், நான் அஞ்சு மணிக்கு எய்ப்பி ஓட வெச்சேன். ஆறு மாசமா. கம்பில தொங்க வுட்டேன்."

டாக்டர் எக்ஸ்ரேயைக் கழற்றி உறையில் போட்டார்.

"இனிமே எழுப்பாதீங்க" என்றார்.

*

ரத்தச் சோதனையில் குறை எதுவும் இல்லை. ஆபரேஷன் ஆவணி இரண்டாவது வாரம் என்று ஆயிற்று. அதுவரை எல்லம்மாள் ஓயவில்லை. தொண்டையில் கத்தி வைத்தால் குரல் போய்விடும், பொம்பளைப் பிள்ளை ஊமையாகிவிட்டால் யார் கட்டிக்கொள்வார்கள் என்று வீடு வீடாகப் போய்ப் பேசினாள். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள், விடிவதற்கு முன்பே தலைக்குக் குளித்துவிட்டு வந்து, செல்வி நெற்றியில் திருநீறு வைத்தாள். "ஏதாவது ஒண்ணு பேசுடி கண்ணு, கேட்டுக்கறேன்" என்றாள். செல்விக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை. "ரெண்டாம் வாய்ப்பாடு சொல்லட்டா அத்த?" என்றாள். எல்லம்மாள் பத்து வரைக்கும் கேட்டாள்.

முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. அன்று இரவு வார்டில் கட்டிலுக்குக் கீழே படுத்த செவ்வந்தி பத்து தடவையாவது எழுந்து, மகளின் மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்த்தாள். காற்று வந்தது, போனது. சத்தம் இல்லை. பக்கத்துக் கட்டில்காரி, "தூங்கவுடு தாயி" என்று அதட்டிய பிறகுதான் படுத்தாள். வார்டில் மற்ற நாலைந்து பேர் குறட்டை விட்டார்கள்.

ஒரு வாரம் குழைந்த சோறும் ஐஸ்கிரீமும். பச்சைத் தண்ணீர் விழுங்கவே செல்வி அழுதாள். குரல் கொஞ்ச நாள் மூக்கால் வந்தது, பிறகு சரியானது. பாய் நனைவது புரட்டாசியில் நின்றது. உயரம் ஏறவில்லை. வேதகிரி கதவு நிலைக்குப் பக்கத்தில் சுவரில் பென்சிலால் கோடு போட வந்தபோது செவ்வந்தி பென்சிலைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அளக்காதயா. ஆறு மாசம் அவள யாரும் அளக்க வாணாம். அவ பாட்டுக்கு இருக்கட்டும்."

முதலில் பசி வந்தது. ஐப்பசி மழையில் வேலை இல்லாமல் செவ்வந்தி வீட்டில் இருந்த நாட்களில், செல்வி பள்ளி விட்டு வந்ததும் பானையைத் திறந்து பார்த்தாள். பிறகு சண்டை வந்தது. தன்ஷிகா ஒரு நாள் அடித்ததற்குச் செல்வி திருப்பி அடித்து, முடியைப் பிடித்து இழுத்து, பக்கத்து வீட்டார் வந்து விலக்கும்படி ஆயிற்று. செவ்வந்தி இரண்டு பேருக்கும் ஆளுக்கொன்று வைத்தாள். கார்த்திகையில் டாக்டரிடம் போனபோது இரண்டரைக் கிலோ கூடியிருந்தது. உயரம் இரண்டு சென்டிமீட்டரும் கொஞ்சமும். "மூணு மாசத்துக்கு இது நல்லா இருக்கு" என்றார் அவர். "வருஷம் ஒண்ணு போகட்டும்."

*

மார்கழி பிறந்தது. பஜனை கோயிலில் தினமும் நாலரை மணிக்குப் பாட்டுப் போடுவார்கள். இந்த வருஷம் யாரோ வெளிநாட்டில் இருப்பவர் புதிதாக இரண்டு குழாய் ஸ்பீக்கர் வாங்கித் தந்திருந்தார். ஒன்றைத் தென்னை மரத்தில் தெருப்பக்கம் பார்க்கக் கட்டியிருந்தார்கள். அது பார்த்த பக்கம் நான்காவது வீடு வேதகிரியுடையது. முதல் நாள் செல்வி அலறி எழுந்தாள். இரண்டாம் நாள் எழுந்து உட்கார்ந்து கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் பள்ளியில் பெஞ்சில் சாய்ந்துவிட்டாள் என்று தன்ஷிகா வந்து சொன்னாள்.

ஊர்க் காரியம் எதிலும் முன்னால் நிற்காதவன் வேதகிரி. வரி கேட்டால் கொடுப்பான், கூட்டத்தில் பின்னால் நிற்பான். அன்று மாலை கோயில் முன்னால் பொங்கல் முறைக்குப் பேர் எழுதிக்கொண்டிருந்த இடத்துக்குப் போனான். கோயில் காரியம் பார்க்கும் பஞ்சாட்சரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பெண்களும் ஆண்களுமாக இருபது பேர்.

"மாமா, தெருப்பக்கம் கீற கொழாய ஏரிப்பக்கம் திருப்பணும்."

"எதுக்கு?"

"புள்ள எய்ந்துக்குது."

"மார்கழிக்குப் பாட்டு போடறதே ஊரு எய்ந்துக்கத்தான்யா. ஏரில யாரு கீறாங்க? கெண்ட மீனுக்கா பாட்டு?"

எல்லோரும் சிரித்தார்கள். வேதகிரி சிரிப்பு அடங்கும்வரை நின்றான். பிறகு சொல்லத் தொடங்கினான். மகள் வளராததை. ஏரிக்கரையில் எண்ணியதை. தலைக்குள் இருக்கும் பட்டாணியை. வார்த்தை கோவையாக வரவில்லை. நடுவில் மிஷின், ட்ரிப் என்றெல்லாம் சொன்னான்.

"எட்டு வருஷம் அவ தூங்கவே இல்ல மாமா. நான் கூடவே படுத்துக்கினு கீறேன், எனக்குத் தெரியல. தெரியாம நானும் அவள எய்ப்பினேன். இப்பத்தான் நாலு மாசமா தூங்கறா. பாட்ட நிறுத்த சொல்லல. கொழாய மட்டும் திருப்பித் தாங்க."

பஞ்சாட்சரம் கையிலிருந்த நோட்டை மூடினார். "மரம் ஏறத்தான் ஆளு வோணும்" என்றார். "கொழாய கட்டின பையன் இனிமே மரம் ஏற மாட்டேன்னு நேத்தே சொல்லிட்டான்."

"நானே ஏர்றேன்."

வேதகிரி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினான். தென்னை வழுக்கியது. கீழேயிருந்து ஆளாளுக்கு, இந்தக் கயிறு, அந்த முடிச்சு என்று கத்தினார்கள். இறங்கி வந்தபோது முழங்கை சிராய்ந்து ரத்தம் வந்தது. கூட்டத்தில் இருந்த ஜெயம்மாள் அவனைத் தனியாகக் கூப்பிட்டாள். இரண்டாவது தெருக்காரி.

"எம் பையனும் வாயத் தொறந்துகினுதான் தூங்கறான். எந்த டாக்டருகிட்ட போனீங்க?"

மறுநாள் இன்னும் இரண்டு பேர் செவ்வந்தியிடம் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வேதகிரிக்கு வார விடுமுறை. பனி விலகி வெயில் வாசலுக்கு வந்துவிட்டது. செவ்வந்தி அடுப்பில் கேழ்வரகு அடை தட்டிக்கொண்டிருந்தாள். தன்ஷிகா குளித்து, சாப்பிட்டு, விளையாடவும் போய்விட்டாள். செல்வி எட்டரைக்கு வெளியே வந்தாள். முடி கலைந்து, கன்னத்தில் பாயின் தடம் இருந்தது. அப்பாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நைனா, எனக்கு ஒரு கனவு வந்துது."

"இன்னா கனவு?"

"நம்ம ஏரி மீனுங்கல்லாம் உத்திரமேரூர் பஸ்ஸுல ஏறிக்கிச்சு. எல்லாம் சீட்டுல ஒக்காந்துகினு கீது. கண்டக்டரு டிக்கெட்டு கேக்கறாரு. அதுங்களுக்குக் கை இல்ல. இன்னா பண்ணுங்க? அத்த எய்ந்து எல்லாருக்கும் நான் எடுக்கறேன்னு சொல்லிச்சு. ஆனா அத்த காலு ஈரமா கீது. அப்புறம் பஸ்ஸு தண்ணில போச்சு. நான் டிரைவரு பக்கத்துல ஒக்காந்துகினு ஹாரன் அடிச்சேன்."

அவள் நிறுத்தி நிறுத்தி, கையை ஆட்டிச் சொன்னாள். இதற்கு முன் கனவு என்று எதுவும் அவள் சொன்னதில்லை. செவ்வந்தி அடையைத் திருப்ப மறந்து சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அப்புறம்?" என்றான் வேதகிரி.

"அப்புறம் ஒண்ணும் இல்ல. முய்ச்சிக்கினேன்."

"யாரு எய்ப்பினது?"

"யாரும் எய்ப்பல நைனா" என்றாள் செல்வி. "நானாத்தான் எய்ந்துக்கினேன்."